லேனியர் ஏரியில் படகு நின்ற பிறகு

அட்லாண்டாவுக்கு வடக்கே வசிக்கும் தமிழர்களிடையே லேனியர் ஏரி என்று பேச்செடுத்தால் யாராவது ஒருவர் பேய்க்கதையை ஆரம்பித்துவிடுவார். தண்ணீருக்கு அடியில் ஓர் ஊர் இருக்கிறதாம், கல்லறைகள் இருக்கின்றனவாம், நீந்துகிறவர்களின் காலை ஏதோ பிடித்து இழுக்கிறதாம். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது. 1912-இல் ஃபோர்சைத் கவுண்டியிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை மிரட்டியும் தாக்கியும் விரட்டினார்கள். அவர்களில் பலர் வாழ்ந்த ஆஸ்கர்வில் இந்த ஏரியை ஒட்டிய பகுதிதான். அது வரலாறாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய பெருந்துயரம். கோடை வார இறுதிகளில் இங்கே மூழ்கி இறப்பவர்களுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தச் சாவுகளுக்குக் கண்ணுக்குத் தெரிகிற காரணங்கள் உண்டு. பெரும்பாலானவை தடுத்திருக்கக்கூடியவை. பழியைப் பேயின் தலையில் போட்டுவிட்டால் லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அதுதான் என் ஆதங்கம்.

இது இயற்கையான ஏரி இல்லை என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சாட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே ராணுவப் பொறியாளர் படை கட்டிய பியூஃபர்ட் அணை 1956-இல் முடிந்தது. அதற்குப் பின்னால் மலைச்சரிவுகளும் பள்ளத்தாக்குகளும் வயல்களும் நீரில் அமிழ்ந்து உருவானதுதான் இது. ஏறக்குறைய 38,000 ஏக்கர் பரப்பு, 690 மைலுக்கும் மேற்பட்ட கரை. ஆகவே கரையிலிருந்து இறங்கும்போது தரை சீராகச் சரியும் என்று நம்பிவிடக் கூடாது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறோம் என்று நினைத்து இரண்டு அடி எடுத்து வைத்தால் காலுக்குக் கீழே ஒன்றுமே இருக்காது. அணைக்கு அருகே ஆழம் 150 அடியைத் தாண்டும். ஜார்ஜியாவின் செம்மண் கலங்கிய நீரில் சில அடிகளுக்குக் கீழே எதுவும் தெரியாது. நிறைய மரங்களை வெட்டாமலேயே தண்ணீர் நிரப்பினார்கள். அவை இன்றும் அடியில் நிற்கின்றன. காலைப் பிடித்து இழுப்பது எதுவென்று கேட்டால், கிளையும் பழைய தூண்டில் நரம்பும்தான்.

நான் ஏரிக்குப் பக்கத்தில், கம்மிங்கில் இருக்கிறேன். கோடை வந்தால் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, உருளை மிதவைகள் மேல் தட்டையான தளம் வைத்த பான்டூன் படகை வாடகைக்கு எடுப்பது எங்கள் வழக்கம். ஊரிலிருந்து பெற்றோரோ மாமனார் மாமியாரோ வந்திருந்தால் அவர்களும் வருவார்கள். படகை ஓட்டுவது பெரும்பாலும் நான். 1998 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் இயந்திரப் படகு ஓட்ட வேண்டுமானால் ஜார்ஜியாவில் பாதுகாப்புப் படிப்பை முடித்திருக்க வேண்டும். என் வயதுக்காரர்களுக்குக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் அதைப் படித்தேன், எல்லோரும் படிக்க வேண்டும் என்றும் சொல்வேன். இணையத்திலேயே முடித்துவிடலாம். வாடகைக் கடையில் அவசர அவசரமாகச் சொல்லித்தருவதில் பாதி காதில் ஏறாது. அந்த நேரத்தில் பிள்ளைகள் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார்கள்.

இத்தனை கோடைகளில் நான் கண்டு தெரிந்துகொண்டது இதுதான்: எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு, படகு ஓடும்போது உள்ள ஆபத்தைவிட அது நின்ற பிறகு வரும் ஆபத்து அதிகம்.

ஓடும் படகில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட் அணிந்தே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். பெரியவர்களுக்கு ஆளுக்கொன்று படகில் இருந்தால் போதும். அதனால் கிளம்பும்போது எல்லோரும் ஒழுங்காக மாட்டிக்கொள்கிறார்கள். கரைக்குள் வளைந்து நுழையும் ஒதுக்கமான ஒரு கோவுக்குள் போய் எஞ்சினை நிறுத்தியதும் ஒரு பெருமூச்சோடு பெரியவர்களும் பிள்ளைகளும் ஜாக்கெட்டைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளுகிறார்கள். புளியோதரை டப்பா திறக்கப்படுகிறது, பாட்டு போடப்படுகிறது, அதன்பிறகு ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்குகிறார்கள். தண்ணீருக்கு மேலே இருந்தவரை அணிந்திருந்ததைத் தண்ணீருக்குள் போகும் நேரம் பார்த்துக் கழற்றிவிடுகிறார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் கணக்குப்படி 2023-இல் நாடு முழுவதும் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். காரணம் தெரிந்த சாவுகளில் நான்கில் மூன்று பங்கு மூழ்கியவை. அப்படி மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை.

என் மாமனார் திருவையாற்றுக்காரர். காவிரியில் நீர் கரைபுரண்டு ஓடிய காலத்தில் அக்கரைக்கு நீந்திப் போய்வந்தவர். எழுபதைத் தொடும் வயதிலும் உடல் இறுக்கமாக இருக்கும். ஒரு மே மாதப் பிற்பகல், சாப்பாடு முடிந்து படகு ஒரு கோவுக்குள் நின்றுகொண்டிருந்தது. மாமா ஜாக்கெட்டைக் கழற்றிவைத்திருந்தார். என் மகளின் ரப்பர் வளையம் காற்றில் நழுவித் தண்ணீரில் விழுந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மாமா குதித்துவிட்டார். நீச்சலில் குறையே இல்லை, அழகாகத்தான் கைவீசிப் போனார். ஆனால் வளையம் காற்றோடு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் நெருங்க நெருங்க அது தள்ளிப் போயிற்று. மறுபக்கம் எங்கள் படகும் நகர்ந்துகொண்டிருந்தது. பான்டூனின் தட்டையான கூரைத்துணி காற்றை வாங்கிக்கொள்ளும், அதனால் ஆள் நீந்தும் வேகத்தைவிடப் படகு விரைவாக ஒதுங்கும். சிறிது நேரத்துக்குள் அவருக்கும் எங்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்திருந்தது. அவர் திரும்பினார். கைவீச்சு குறைந்தது. உடம்பு படுக்கையிலிருந்து செங்குத்தாக மாறியது. முகவாய் தண்ணீரில் தொட்டுத் தொட்டு மீண்டது. கூப்பிடவே இல்லை.

கணவர் தண்ணீரில் பாயப் போனார். "நில்லுங்கள், முதலில் மெத்தையை எறியுங்கள்" என்று கத்தினேன். 16 அடியும் அதற்கு மேலும் உள்ள படகுகளில் எறியக்கூடிய மிதவை ஒன்று இருந்தாக வேண்டும். எங்களிடம் இருந்தது வார் தைத்த சதுர மெத்தை. அதில் முன்பே கயிறு கட்டி, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். எஞ்சினைப் போட்டு, காற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு மெதுவாக அருகே போய், அவருக்குச் சில படகு நீளம் இருக்கும்போதே சாவியைத் திருப்பி அணைத்தேன். கணவர் எறிந்த மெத்தை மாமாவின் தோளைத் தாண்டி விழுந்தது, கயிறு அவர் கைக்குக் கிடைத்தது. ஏணிக்கு வந்து சேர்ந்த பிறகும் அவரால் உடனே ஏற முடியவில்லை. முதல் படியைப் பிடித்த விரல்களில் நகமெல்லாம் வெளுத்திருந்தது. விலா எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் தெரிந்தன. மேலே வந்து துண்டைப் போர்த்திக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "காவிரியில் களைத்துப்போனால் இந்தத் துறை இல்லாவிட்டால் அடுத்த துறையில் ஏறிவிடலாம் அம்மா. ஆறே கொண்டுபோய் விடும். இங்கே துறையும் இல்லை, கொண்டுபோய் விட ஆறும் இல்லை."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நம் ஊரில் நீச்சல் பழகியவர்களின் திறமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். கிணற்றில் பழகியவருக்குச் சுற்றிலும் சுவர் இருக்கிறது, நான்கு வீச்சில் கல்லைப் பிடித்துவிடலாம். ஆற்றில் பழகியவருக்கு நீரோட்டத்தின் போக்கு தெரியும். நடு ஏரியில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, தூரம் கண்ணை ஏமாற்றும், பக்கத்துப் படகுகளின் அலை ஒழுங்கில்லாமல் எல்லாப் பக்கமிருந்தும் முகத்தில் அடிக்கும். மே மாதத்தில் மேல்நீர் இதமாக இருந்தாலும் சற்றுக் கீழே குளிர்ந்திருக்கும். குதித்த வேகத்தில் அந்தக் குளிர் பட்டால் மூச்சு தானாகவே இழுக்கும். வயதானவர்களின் நெஞ்சுக்கு அது நல்லதல்ல. ஆகவே "எனக்கு நீச்சல் தெரியும்" என்பது ஜாக்கெட்டைக் கழற்றுவதற்கான காரணம் ஆகாது. எங்கள் படகில் இப்போது ஒரே சட்டம்தான்: தண்ணீரில் இறங்குகிறவர் யாராக இருந்தாலும் ஜாக்கெட்டோடுதான் இறங்க வேண்டும். கழற்ற வேண்டுமென்றால் படகின் மேலே உட்கார்ந்து கழற்றிக்கொள்ளலாம்.

ஜாக்கெட் பொருத்தமாக இருக்க வேண்டும். உள்பக்கம் எடை அச்சடித்திருக்கும். 30 பவுண்டுக்குக் கீழ் கைக்குழந்தைகளுக்கு, 30 முதல் 50, 50 முதல் 90, அதற்கு மேல் பெரியவர்களுக்கு. பிள்ளைக்கு மாட்டிவிட்டு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிது. தண்ணீரில் பிள்ளை அதிலிருந்து நழுவிவிடும். சின்னக் குழந்தைகளுக்குக் காலிடுக்கில் வரும் வாரைக் கட்டாயம் மாட்ட வேண்டும். கையில் மாட்டும் காற்றடைத்த பட்டை, அன்னம்போல் செய்த பெரிய மிதவை எல்லாம் விளையாட்டுப் பொருட்கள், அவற்றை நம்பி ஓர் உயிரை ஒப்படைக்கக் கூடாது. ஏரியைச் சுற்றியுள்ள சில பூங்காக்களில் ராணுவப் பொறியாளர் படை இரவல் ஜாக்கெட்டுகளைப் பலகையில் மாட்டிவைத்திருக்கிறது. எடுத்து அணிந்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடலாம், காசு இல்லை. அந்தப் பூங்காக்களின் மணற்கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

பெண்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். புடவையோடும் துப்பட்டாவோடும் தண்ணீரில் இறங்காதீர்கள். நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டால் நன்றாக நீந்துகிறவரும் உதைக்க முடியாது. உடல் முழுக்க மூடும் நீச்சல் உடைகள் இன்று எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. என் மாமியார் முதலில் தயங்கினார். நீளக் கையும் முழங்கால் தாண்டிய காலுமாக ஒன்றை வாங்கிக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். வாடகைக் கடையின் பருமனான ஆரஞ்சு ஜாக்கெட் கழுத்தை உறுத்துகிறது என்று அவர் சொன்னது நியாயம்தான். சொந்தமாக நல்லதொன்று வாங்கிக் கொடுத்தோம், அதன்பின் கழற்றவே இல்லை.

மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்று எதிர்பார்க்காதீர்கள். மூச்சு வாங்கவே வாய்க்கு நேரம் போதாதபோது குரல் எங்கிருந்து வரும்? கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், தலை பின்னால் சாயும், வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் போய்வரும், உதைப்பு நின்றுவிடும். இப்படி ஒரு நிமிடம்கூடத் தாங்காது. பக்கத்தில் இருப்பவர்கள் விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பத்துப் பேர் படகில் இருந்தால் பத்துப் பேரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். அதனால் நாங்கள் முறை வைத்திருக்கிறோம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர், கையில் போன் இல்லாமல், தண்ணீரை மட்டும் பார்ப்பார். முடிந்ததும் அடுத்தவர் பெயரைச் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போகலாம். யாருக்காவது ஏதாவது ஆனால் கை நீட்ட முடிந்தால் நீட்டுங்கள், இல்லாவிட்டால் மிதக்கும் எதையாவது எறியுங்கள். மூடிய ஐஸ் பெட்டிகூட ஓர் ஆளைத் தாங்கும். வெறும் உடம்போடு பாயாதீர்கள். மூழ்குகிறவர் காப்பாற்ற வருகிறவரின் தோளில் ஏறத்தான் பார்ப்பார். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவரும் திரும்பாத செய்திகளை நாம் எவ்வளவோ படித்திருக்கிறோம்.

ஓட்டுநருக்கு எல்லாவற்றிலும் பெரிய கடமை எஞ்சினை அணைப்பது. நியூட்ரலில் இருக்கிறது என்பது போதாது, புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டிருக்கலாம். யாராவது தண்ணீரில் இருந்தால் சாவி என் பையில் இருக்கும், எல்லோரும் ஏறித் தலையெண்ணி முடிந்த பிறகுதான் வெளியே வரும். எஞ்சினைப் போட்டு வைத்துக்கொண்டு பின்பக்க மேடையில் கால் நனைப்பதும் கூடாது. அங்கேதான் புகைபோக்கி இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, மயங்கித் தண்ணீரில் விழும்வரை தெரியாது. பான்டூனின் முன்பக்கக் கதவைத் தாண்டி விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுவதைப் பிள்ளைகள் மிகவும் விரும்புவார்கள். நான் ஒருபோதும் அனுமதிப்பதில்லை. ஓர் அலை தூக்கிப்போட்டால் விழுகிறவர் நேராகப் படகுக்கு அடியில்தான் போவார், மறுமுனையில் புரொப்பெல்லர் இருக்கிறது. எதிரே பெரிய படகு அலை கிளப்பிவந்தால் சிலர் பதறி வேகத்தைச் சட்டென்று குறைக்கிறார்கள். அப்போது முன்பக்கம் தாழ்ந்து தண்ணீர் உள்ளே ஏறும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, முன்பக்கத்தில் கூட்டமாக இருப்பவர்களைப் பின்னுக்கு வரச்சொல்லி, அலையைச் சற்றுக் கோணலாக வாங்க வேண்டும்.

நங்கூரத்தை முன்பக்கத்தில்தான் கட்ட வேண்டும். பின்னால் கட்டினால் அலை எஞ்சின் பக்கமாக ஏறிவிடும். ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட்டால்தான் அது மண்ணைப் பிடிக்கும். லேனியரின் கோவ்கள் பலவற்றில் கரைக்குப் பக்கத்திலேயே ஆழம் அதிகம். வாடகைப் படகின் குட்டைக் கயிறு அடியைக்கூடத் தொடாது, நங்கூரம் போட்டாயிற்று என்ற நிம்மதி மட்டும் இருக்கும். போட்ட பிறகு கரையில் இரண்டு மரங்களை அடையாளம் வைத்துச் சில நிமிடம் பார்ப்பேன். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் படகு நகர்கிறது என்று பொருள்.

தண்ணீரில் ஆள் இருக்கும் இடத்துக்கும், நிற்கும் படகுக்கும், படகுத்துறைக்கும் 100 அடிக்குள் வந்தால் மிக மெதுவாகத்தான் போக வேண்டும் என்பது ஜார்ஜியாவின் விதி. அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4-ஐ ஒட்டிய நாட்களில் இந்த விதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜெட் ஸ்கீயை முதல்முறை ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்கும். அதில் பலவற்றுக்குப் பிரேக் கிடையாது. தண்ணீரைப் பீய்ச்சித்தான் அது திரும்புகிறது. பயத்தில் விசையை விட்டுவிட்டால் கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் நேராகத்தான் போகும், முன்னால் இருப்பவர் மேல் மோதும். நம் பையன்களுக்கு இதைக் கரையிலேயே சொல்லிவிட வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுவதைப் பற்றி நான் நீட்டிப் பேச விரும்பவில்லை. 2012-இல் இந்த ஏரியில் போதையில் ஒருவர் ஓட்டிய படகு மோதி இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே படகோட்டிகளின் ரத்தத்தில் இருக்கக்கூடிய மதுவின் வரம்பைக் காரோட்டிகளுக்கு இணையாக 0.08 சதவீதமாகக் குறைத்தார்கள். ஓட்டுகிறவர் ஒரு துளிகூடத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

படகுத்துறைகளுக்குப் பக்கத்தில் நீந்த வேண்டாம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. துறைகளில் விளக்குக்கும் படகு தூக்கும் இயந்திரத்துக்கும் மின்சாரம் வருகிறது. பழுதான கம்பியிலிருந்து அது தண்ணீரில் கசிந்தால், நன்னீரைவிட மனித உடலில் எளிதாகப் பாயும். தசை இறுகிப்போய் நீந்துகிறவர் மூழ்கிவிடுவார். 2023 ஜூலையில் லேனியரில் ஒரு துறையிலிருந்து குதித்த இளைஞர் இப்படித்தான் இறந்தார். தண்ணீரில் உடம்பு சுருக்கென்று கூசினால் துறையின் இரும்பு ஏணியை நோக்கி வராதீர்கள், வந்த வழியே விலகிப் போங்கள். கரையில் இருப்பவர் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

அவசர உதவிக்கு 911-ஐ அழைக்க நேர்ந்தால் "ஏரியில் இருக்கிறோம்" என்பது முகவரி ஆகாது. ஏரிக்குள் படகுப் பாதையைக் காட்டும் அடையாளக் கம்பங்களில் எண்ணும் எழுத்தும் இருக்கும். ஒவ்வொரு முறை படகை நிறுத்தும்போதும் பக்கத்துக் கம்பத்தின் எண்ணை என் மகள் சத்தமாகப் படித்துச் சொல்வாள், எல்லோரும் கேட்டுக்கொள்வோம். தண்ணீரை விழுங்கி இருமியவர் தேறிவிட்டதுபோல் தெரிந்தாலும் அடுத்த சில மணி நேரம் அவர் மூச்சைக் கவனியுங்கள். இருமல் நிற்காவிட்டாலோ மூச்சு வாங்கினாலோ வாந்தி எடுத்தாலோ காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள்.

இத்தனைக்கும் மேல், நீந்தத் தெரியாத பெரியவர்கள் கற்றுக்கொள்ளலாம். பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களும் அப்பாக்களும் எங்கள் ஊரில் ஏராளம். பெரியவர்களுக்கென்றே தனி வகுப்புகள் கூரையுள்ள வெந்நீர்க் குளங்களில் குளிர்காலம் முழுக்க நடக்கின்றன. நான் சேர்ந்தபோது என்னைவிட மூத்தவர்கள் இருந்தார்கள். கைவீச்சும் உதைப்பும் பிறகு வரட்டும். முதலில் மல்லாந்து மிதக்கவும் அந்த நிலையில் அமைதியாக மூச்சுவிடவும் கற்றுத்தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். ஜனவரியில் சேர்ந்தால் மே மாதம் படகு எடுப்பதற்குள் அது கைவந்துவிடும்.